முதியோர் இல்லத்தின் கடனட்டையும் நான் வைத்த நேர்த்தியும்

அனுப்புநர்:
செ. பாலேந்திரா,
உரிமையாளர், பாலா உணவுப் பொருட் கடை,
ஸ்டேஷன் வீதி 14,
பிர்க்கெவாட், மத்திய யூலாந்து, டென்மார்க்.

பெறுநர்:
நிதிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
பிர்க்கெவாட் கொம்யூன் (நகரசபை),
நகர மண்டபம்.

பொருள்: முதியோர் இல்லச் சமையலறையின் கொள்முதல் அட்டைக் கணக்கில் ஏற்பட்ட தாமதத்துக்கு அட்டைதாரர் திருமதி நேசமலர் ஜெபநேசன் பொறுப்பல்லர், நானே பொறுப்பு எனத் தெரிவித்து, தாமதக் கட்டணத்தையும் குறிப்பையும் என் பேரில் மாற்றக் கோருதல்.

தொடர்பு: திருமதி நேசமலருக்குத் தங்கள் பிரிவு அனுப்பிய 11.01.2010 திகதிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 04.12.2009 வெள்ளிக்கிழமை காலை, திருமதி நேசமலர் கொம்யூனின் கடனட்டையைக் கொண்டு முதியோர் இல்லத்துக்காக என் கடையில் 2,940 குரோனருக்குப் பொருட்கள் வாங்கினார். பணம் சரியாகச் செலுத்தப்பட்டது. ஐந்து நிமிடம் கழித்து, அவருக்குத் தெரியாமல், அந்த முழுத் தொகையையும் அதே அட்டைக்கு நான் திருப்பிப் போட்டேன். அவருடைய பற்றுச்சீட்டையும் நானே எடுத்துக் கிழித்தேன். நடந்தது இவ்வளவுதான். இதில் அவர் செய்த பிழை ஒன்றுமில்லை.

2. அந்த ஐந்து நிமிடத்தின் விளைவாக இன்று அவருடைய அட்டை நிறுத்தப்பட்டிருக்கிறது. 375 குரோனர் தாமதக் கட்டணம் சமையலறையின் கணக்கில் ஏறியிருக்கிறது. அவருடைய பணிப் பதிவுக் கோவையில் ஒரு குறிப்பும் ஏறியிருக்கிறது. இம்மாதம் 25ஆம் திகதிக்குள் திருப்தியான விளக்கம் கிடைக்காவிட்டால், பெப்ரவரி முதலாம் திகதி அவருக்குக் கிடைக்க வேண்டிய சமையலறைப் பொறுப்பாளர் நியமனம் மீள ஆராயப்படும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. எட்டு வருடம் பாத்திரம் கழுவி, காய் வெட்டி, மாலைப் பள்ளியில் படித்துச் சோதனை எழுதிச் சேர்த்த நியமனம் அது. அந்த விளக்கத்தை அவரால் தர முடியாது. ஏனென்றால் விளக்கம் அவரிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. ஆகவே நான் எழுதுகிறேன்.

3. மனுவைத் தமிழில் எழுதியமைக்குப் பொறுத்தருள வேண்டும். எனக்கு டெனிஷில் விலை சொல்லத் தெரியும், பேரம் பேசத் தெரியும், மன்னிப்புக் கேட்க அவ்வளவாக வராது. ஓகூஸில் படிக்கும் என் மகள் துஷாரா செய்த டெனிஷ் மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன். கொம்யூனுக்கு இதெல்லாம் தேவையில்லை அப்பா என்று சொல்லி அவள் சில வசனங்களை விட்டுவிட்டாள். தேவை என்று நான் நினைப்பதால் தமிழில் அவை அப்படியே இருக்கின்றன. நகர மண்டபத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பதாக அறிகிறேன். அவரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

4. என்னைப் பற்றி இரண்டு வரி. 1986இல் இந்த நாட்டுக்கு வந்தேன். ஆறு வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பிறகு ஒரு பழைய காரின் பின்பெட்டியில் மிளகாய்த்தூளும் அரிசியும் ஏற்றி, ஹேர்னிங்குக்கும் சில்க்போர்க்குக்கும் இடையில் வீடு வீடாக விற்றேன். 1994இல் இந்தக் கடையைத் திறந்தேன். அன்று தொடக்கம் வரியும் வாடகையும் பிந்தியதில்லை. பற்றுச்சீட்டுக் கொடுக்காமல் ஒரு வாடிக்கையாளரையும் அனுப்பியதில்லை, டிசம்பர் நாலாம் திகதி நின்ற மூவரைத் தவிர. கொம்யூனின் பெரிய சமையலறைக்கு நான் பொருள் கொடுப்பது அன்பினால் மட்டுமல்ல, அது நல்ல வியாபாரம் என்பதாலும்தான். இதை மறைத்து எழுதினால் மற்றதையும் தாங்கள் நம்பமாட்டீர்கள்.

5. இனி அந்த நாள். எனக்கு ஒரே ஒரு தங்கை, விமலராணி. கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னியில் இருந்தவள். மே மாதம் போர் முடிந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஏழு மாதம். ஒக்டோபரில் ஹேர்னிங் பிள்ளையார் கோவிலில் ஒரு நேர்த்தி வைத்தேன். நேர்த்தி என்பது கடவுளோடு செய்யும் ஒப்பந்தம்; அவர் தன் பங்கைச் செய்தால் நாங்கள் எங்கள் பங்கைச் செய்தே ஆக வேண்டும், தவணை கேட்க முடியாது. நான் வைத்தது இது: தங்கையின் குரல் என் காதில் விழும் நேரத்தில் என் கடையில் யார் பொருளோடு நிற்கிறார்களோ, அவர்களிடம் அந்தப் பொருளுக்குக் காசு வாங்கமாட்டேன். மற்றவர்கள் தேங்காய் உடைப்பார்கள், மொட்டை போடுவார்கள். வியாபாரி விடக்கூடிய பெரிய பொருள் காசுதானே என்று நினைத்தேன். கடையில் கொம்யூன் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

6. டிசம்பர் நாலாம் திகதி காலை பத்தரைக்குத் திருமதி நேசமலர் வந்தார். முதியோர் இல்லத்தின் நத்தார் (கிறிஸ்துமஸ்) விருந்து அடுத்த வெள்ளி. பால்சோற்றுக்கு உருண்டை அரிசி இருபது கிலோ 280 குரோனர், தோலுரித்த பாதாம் எட்டுக் கிலோ 960, கறித்தூள் ஆறு கிலோ 660, தேங்காய்ப்பால் அறுபது டின் 540, பாஸ்மதி இருபத்தைந்து கிலோ 500. மொத்தம் 2,940. இல்லத்து முதியவர்கள் கறியில் போட்ட இறைச்சி உருண்டையை விரும்பிச் சாப்பிடுவார்கள். நேசமலர் வந்த பிறகு அந்தக் கறியில் என் தூள்தான் போகிறது. மூன்று பேர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அது தங்கள் தாயார் வைத்த கறி என்று சண்டை பிடிப்பார்களாம். இவற்றோடு தன் வீட்டுக்கென்று ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் எடுத்தார். அதை வேறாக வைத்து, தன் சொந்தச் சில்லறையில் 12 குரோனர் எண்ணித் தந்தார். கொம்யூன் காசையும் தன் காசையும் அவர் ஒரே மேசையில்கூடச் சேர்த்து வைக்கமாட்டார். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

7. அட்டை இயந்திரத்தில் போய்ப் பற்றுச்சீட்டும் வந்துவிட்டது. அப்போது மணி 10.40. தொலைபேசி அடித்தது. வவுனியாவில் ஒரு கடையிலிருந்து.

“அண்ணை, நான் ராணி கதைக்கிறன். முகாமிலை இருந்து வெளியாலை விட்டிட்டாங்கள். நாங்கள் நாலு பேரும் இருக்கிறம்.”

அவளே மறுபடி சொன்னாள்:

“என்னண்ணை, சத்தத்தைக் காணேல்லை? காசு போகுது, கெதியாக் கதையுங்கோ. கடை எப்பிடிப் போகுது?”

ஏழு மாதம் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் இருந்தவள் என் கடை எப்படிப் போகிறது என்று கேட்கிறாள். ஐயா, மே மாதம் முடிந்ததாகச் சொன்ன போர் எங்கள் வீட்டில் அன்று காலை 10.40க்குத்தான் முடிந்தது.

8. அந்த நேரம் கடையில் மூவர் நின்றார்கள். ஒருவர் திருமதி நேசமலர். மற்றவர் தொழிற்சாலையில் வேலை செய்யும் பற்றிமா, கையில் ஒரு பை இடியப்ப மாவு. மூன்றாமவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி பவுல். அவர் வெள்ளி தோறும் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் வாங்குபவர். நான் தொலைபேசியை வைத்துவிட்டு என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து முடிதிருத்தும் கடையில் இருந்து பாதி வெட்டிய தலையோடு ஒருவர் ஓடி வந்தார் என்றால் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். நத்தாருக்கு வைத்திருந்த லட்டுப் பெட்டிகளை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தேன். பிறகு நேர்த்தியைச் சொன்னேன்.

பற்றிமா உடனே, “பாலா அண்ணை, ஒரு நிமிசம் பொறுங்கோ, இருவது கிலோ மூட்டை ஒண்டும் தூக்கிக்கொண்டு வாறன்” என்றார்.

“இல்லைப் பிள்ளை, மணி அடிக்கேக்கை கையிலை இருந்ததுக்குத்தான் நேர்த்தி.”

“அப்ப அடுத்த முறை மணி அடிக்கேக்கை நான் மூட்டைக்குப் பக்கத்திலை நிப்பன்.”

பவுலுக்கு விளங்கியது பாதிதான். எத்தனை பேர் என்று டெனிஷில் கேட்டார். நாலு என்றேன். உடனே வெளியே போனவர் பத்து நிமிடத்தில் நாலு சின்னக் காகிதக் கொடிகளோடு திரும்பி வந்து, இந்த நாட்டார் பிறந்தநாளுக்குக் குத்துவது போலக் கல்லாவைச் சுற்றிக் குத்திவிட்டார். அவை இன்றும் அங்கேதான் நிற்கின்றன. வந்து பார்க்கலாம்.

9. இனி என் குற்றம். நான் நேர்த்தியைச் சொன்னதைத் திருமதி நேசமலர் கேட்கவில்லை. அவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். செய்தி காதில் விழுந்ததும் கல்லாவின் முன் அப்படியே நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, கண்ணை மூடி, கண்ணீர் வழிய, தான் ஒருநாளும் காணாத என் தங்கைக்காக நன்றி சொல்லிச் செபிக்கத் தொடங்கிவிட்டார். செபம் நீளமானது. அவருடைய அட்டை மேசைமேல் கிடந்தது. கேட்டால் மாட்டேன் என்று சொல்லுவார் என்பது எனக்குத் தெரியும். கொம்யூன் காசு, இனாம் வாங்கக்கூடாது என்பார். ஆகவே அவர் கண் திறப்பதற்குள் அட்டையை எடுத்து, இயந்திரத்தில் விட்டு, 2,940 குரோனரைத் திருப்பிப் போட்டேன். ஆமென் சொல்லும்போது அட்டை பழைய இடத்தில் கிடந்தது. பற்றுச்சீட்டு அவருடைய பையின் மேலிருந்தது. அதையும் எடுத்துக் கிழித்தேன். விலை எழுதிய கடதாசி அவர் கையில் இருந்தால் அது விற்பனை ஆகிவிடும், நேர்த்தி ஆகாது என்பது என் கணக்கு. பொருட்களை அவருடைய வாகனத்தில் நானே ஏற்றி அனுப்பினேன். அவர் பற்றுச்சீட்டைக் கேட்டபோது, “பிறகு அனுப்பிறன் பிள்ளை, இண்டைக்கு ஒண்டும் கேளாதை” என்றேன்.

10. அவர் கேட்காமல் விடவில்லை. டிசம்பர் 8ஆம், 11ஆம், 14ஆம் திகதிகளில் மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். மூன்று முறையும் நான் “பாப்பம், பாப்பம்” என்று தட்டிக் கழித்தேன். வேறு நாளில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னால் அவருக்குக் கடனுக்குப் பொருள் கொடுக்கமாட்டேன்.

11. அதன்பின் நடந்ததைத் தங்கள் பிரிவு அறியும். அட்டைக் கணக்கின் மாதம் நாலாம் திகதி மூடுகிறது. வாங்கிய தொகை அன்றே பதிந்தது. நான் திருப்பிய தொகை வங்கியில் மறுவாரம்தான் பதிந்து அடுத்த கணக்கில் விழுந்தது. ஆகவே டிசம்பர் கணக்கில் பற்றுச்சீட்டு இல்லாத 2,940 குரோனர் நின்றது. பதினைந்தாம் திகதிக்குள் எல்லா வரிக்கும் பற்றுச்சீட்டு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை ஏற்க முடியாது என்பது விதி. அந்த ஒரு வரியினால் பால்காரர், பேக்கரி, மரக்கறிக் கடை எல்லாம் அடங்கிய 18,412 குரோனர் முழுவதும் நின்றுபோனது. இருபதாம் திகதி வங்கிக்குப் பணம் போகவில்லை. வங்கி தாமதக் கட்டணம் போட்டது. ஜனவரிக் கணக்கில் யாரும் கேட்காத 2,940 குரோனர் வரவாக வந்து நின்றபோது, பொருளும் வந்தது, காசும் திரும்பியது, இது என்ன என்று தங்கள் அலுவலர் சந்தேகப்பட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். என் கடையில் அப்படி ஒரு வரி கண்டால் நானும் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டேன்.

பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டதற்குத் திருமதி நேசமலர் “என்னிடம் இல்லை” என்று மட்டும் எழுதியதாக அறிகிறேன். தொலைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் பொய். கடைக்காரர் தரவில்லை என்று எழுதியிருந்தால் என்னைக் காட்டிக் கொடுத்ததாகும். இரண்டையும் எழுதாமல், தன்னைப் பற்றி உண்மையான ஒரே வரியை எழுதிவிட்டுக் கட்டணத்தையும் குறிப்பையும் தலையில் வாங்கிக்கொண்டார்.

12. இந்த மாதம் 14ஆம் திகதி வியாழக்கிழமை அவர் தங்கள் கடிதத்தோடு கடைக்கு வந்தார். கடிதத்தைக் கொடிகளுக்கு நடுவில் வைத்தார். திரும்பிய பணத்தைப் பற்றி அதில்தான் முதலில் படித்திருக்கிறார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள், அவர் பொருட்படுத்தவில்லை.

“பாலா அண்ணை, நான் கண்ணை மூடி உங்கட தங்கச்சிக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு நிக்க, நீங்கள் கொம்யூன்ரை கார்ட்டை எடுத்து மெசினுக்கை விட்டனீங்களோ?”

“நேர்த்தி, பிள்ளை.”

“உங்கட பிள்ளையாருக்கு நான் ஏன் கணக்குக் குடுக்க வேணும்? கணக்குக் கேக்க எனக்குக் கொம்யூன் இருக்கு. அதுக்கு மேலை கர்த்தர் இருக்கிறார். அந்த ரெண்டு பேருக்கே எனக்கு நேரம் காணாது.”

நான் தலை குனிந்து நின்றேன். பதினைந்து வருடத்தில் அந்தக் கல்லாவின் பின்னால் நான் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை. கதவு வரை போனவர் திரும்பினார்.

“தங்கச்சி பிறகும் ரெலிபோன் எடுத்தவவோ?”

“ஓம், வெள்ளிக்கு வெள்ளி எடுக்கிறா.”

“பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகளோ?”

“இந்தக் கிழமை தொடங்கிட்டுதுகள்.”

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் பார்த்தேன். கோபத்தோடு வந்து, கோபம் ஆறாமலே சந்தோசப்பட்டுவிட்டுப் போன ஒருவர், என் ஐந்து நிமிடத்தினால் பொறுப்பாளர் பதவியை இழக்கக்கூடாது, ஐயா.

13. மறுநாளே நகர மண்டபத்துக்குப் போய், கொள்முதல் அட்டைக் கணக்குகளின் தாமதக் கொடுப்பனவு விதிகளின் பிரதியைக் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் பிரதியும் தந்து குடிக்கக் கோப்பியும் தந்தார், நன்றி. அன்று மாலை மகளையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். எட்டாம் விதி இப்படிச் சொல்கிறது: அட்டைதாரர் மூன்று முறை கேட்டும் விற்பனையாளர் பற்றுச்சீட்டுத் தராவிட்டால், அத்தாமதம் விற்பனையாளருடையதாகக் கொள்ளப்படும், கட்டணத்தை அவரிடம் அறவிடலாம், அட்டைதாரரின் கோவையில் குறிப்பு இடப்படமாட்டாது. மூன்று முறை கேட்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்றும் சொல்கிறது. பத்தாம் பந்தியில் மூன்று திகதிகளையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். குற்றவாளியே தரும் அத்தாட்சியைவிடப் பெரிய அத்தாட்சி தங்களுக்கு வேண்டியிராது. விதிகளைப் படித்து அபராதத்தைத் தன் பக்கம் இழுக்கும் கடைக்காரரைத் தாங்கள் முன்பு கண்டிருக்கமாட்டீர்கள். நானும் கண்டதில்லை.

14. ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கொம்யூன் ஊழியர் இனாம் வாங்கக்கூடாது, ஆகவே கொம்யூன் எனக்குப் பணம் தந்தே ஆக வேண்டும். நான் வாங்கினால் நேர்த்தி உடையும். தங்கை வெளியே வந்து ஆறு கிழமைதான் ஆகிறது. இந்த நேரத்தில் பிள்ளையாரோடு கணக்குத் தகராறு வைக்க எனக்கு விருப்பமில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நின்று இதை யோசித்தேன். வியாபாரி ஒப்பந்தத்தை எழுதியபடிதான் படிக்க வேண்டும். நான் வைத்த நேர்த்தி கடையில் நின்றவர்களைப் பற்றியது. கடையில் நின்றது நேசமலர். கொம்யூன் நிற்கவில்லை. அரிசியும் பாதாமும் கொம்யூனின் பொருட்கள். நேசமலர் என்ற ஆள் தன் பொருளாகக் கையில் வைத்திருந்தது ஒரு கட்டுக் கறிவேப்பிலை மட்டும், 12 குரோனர், சொந்தக் காசு. அவருக்கு நான் விட வேண்டியது அந்தப் பன்னிரண்டுதான். அதை அன்று விட்டேனா? இல்லை. 2,940ஐத் திருப்பிய ஆரவாரத்தில் அதைக் கல்லாவுக்குள் போட்டுவிட்டேன். ஆறு கிழமையாக நேர்த்தியை நிறைவேற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, நிறைவேற்றாமல் இருந்திருக்கிறேன்.

கோவிலிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போய் 12 குரோனரை நீட்டினேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அது கொம்யூன் காசல்ல, அவர் எனக்குத் தந்த அவருடைய காசு. நேர்த்திக் காசு தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். வாதாடினேன். அவருடைய கணவர் ஜெபநேசன் உள்ளிருந்து, “ரெண்டு பேரும் பன்னிரண்டு குரோனருக்குக் கொம்யூனைக் கூப்பிடாதையுங்கோ” என்றார். கடைசியில் நேசமலரே முடிவு சொன்னார்: “என்ரை காசு எண்டால் நான் சொல்லிற இடத்திலை போடுங்கோ. தங்கச்சிக்கு எடுக்கிற ரெலிபோன் கார்ட்டிலை போடுங்கோ.” அப்படியே செய்தேன். பற்றுச்சீட்டு எழுதி, இந்த முறை கிழிக்காமல், அவர் கையில் கொடுத்தேன்.

15. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

(அ) எட்டாம் விதியின்படி இத்தாமதத்தை விற்பனையாளராகிய என் பேரில் பதிந்து, திருமதி நேசமலரின் கோவையிலிருந்து குறிப்பை நீக்க வேண்டும்.

(ஆ) அவருடைய அட்டையை மீளத் திறக்க வேண்டும். இல்லத்தில் வெள்ளிக்கிழமைக் கறி இரண்டு கிழமையாக வேறு தூளில் போவதாகவும், தட்டுகள் மிச்சத்தோடு திரும்புவதாகவும் கேள்விப்பட்டேன். இதில் எனக்கு வியாபார அக்கறையும் உண்டு, முதியவர்கள் மேல் அக்கறையும் உண்டு.

(இ) பெப்ரவரி முதலாம் திகதி நியமனத்தை இக்காரணத்துக்காகத் தள்ளிப்போடாமல் இருக்க வேண்டும். இதுவே என் முதல் வேண்டுகோள். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக்கூடாது.

16. கேட்காத ஆலோசனை ஒன்று, ஒரு வியாபாரியிடமிருந்து. ஒரு வரிக்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் அந்த ஒரு வரியை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைக் கட்டலாம். என்னிடம் வரும் பெட்டியில் ஒரு தக்காளி அழுகியிருந்தால் நான் அதை எடுத்து வைப்பேன், பெட்டியைத் திருப்பி அனுப்பமாட்டேன். 2,940க்காக 18,412ஐ நிறுத்தியதால் பேக்கரிக்காரரின் கணக்கும் தாமதமாகப் பதிந்தது. அவருக்கும் என் தங்கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. விதி அடுத்த முறை திருத்தப்படும்போது பற்றுச்சீட்டைப் பற்றிய மூன்றாம் பிரிவில் இதைச் சேர்த்தால் நல்லது. ஒரு கடையில் நல்ல செய்தி வந்ததற்காக ஊரெல்லாம் கட்டணம் கட்ட வேண்டியிராது.

17. இந்த மனு தங்கள் மேசைக்கு வருமுன்பே பவுல் கல்லாவில் இன்னொரு கொடி குத்த இடம் தேடுகிறார். எதற்கு என்று கேட்டேன். நேசமலருக்கு அட்டை திரும்பக் கிடைக்கும் நாளுக்காம். கொடியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். குத்துவது தங்கள் கையில் இருக்கிறது, ஐயா.

18. திருமதி நேசமலரோடும், அவர் மூலம் இல்லத்தின் மேலாளரோடும் பேசி ஒப்புக்கொண்டவை, தங்கள் அனுமதிக்கு உட்பட்டு: 04.12.2009 அன்று ஒப்படைத்த பொருட்களுக்கு இன்றைய திகதியிட்ட விலைப்பட்டியல் ஒன்றை இத்துடன் தருகிறேன். திகதியை முன்போட்டு எழுதமாட்டேன். தொகை 2,940 குரோனர், விலையில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தவணை முப்பது நாள். கொம்யூன் பிந்தினாலும் என் பக்கத்திலிருந்து தாமதக் கட்டணம் இல்லை. வங்கிக்குப் போன 375 குரோனரை நான் கட்டுகிறேன், காசோலை இணைப்பில். இனிமேல் கொம்யூன் அட்டையில் வாங்கும் எவருக்கும் பற்றுச்சீட்டு இரண்டு பிரதி, பணம் செலுத்திய அதே நிமிடத்தில், அவர் கையில். வெள்ளிக்கிழமை 10.40க்குத் தொலைபேசி அடித்தால், திருமதி நேசமலர் எழுதித் தரச் சொன்னபடி: முதலில் பற்றுச்சீட்டு, பிறகு தங்கச்சி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

செ. பாலேந்திரா
(கையொப்பம்)

இடம்: பிர்க்கெவாட்
திகதி: 18.01.2010

இணைப்பு: விலைப்பட்டியல், 375 குரோனருக்கான காசோலை, 04.12.2009 அட்டை இயந்திரப் பதிவின் பிரதி, டெனிஷ் மொழிபெயர்ப்பு.